சரசுவின் மப்ளர்

மார்ச் 9, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. சங்ககிரி மலையைப் பார்த்தாலே தாகம். புக்கிங் ஆபீஸில் லோடு இல்லை. லாரிகள் வரிசையாகத் தூங்குகின்றன, முதலாளியான என்னைப் போலவே.

மெஸ் இட்லி. சரசு போனது முதல் இதே கதி. மகள் கவியின் பிரசவத்துக்காக ஐப்பசியில் ஸ்காட்லாந்து போனவள், சித்திரையில் வருவதாகப் பேச்சு. பேரன் குப்புற விழுகிறானாம். தாத்தாவும் அந்த நிலைமைக்கு வந்துகொண்டிருக்கிறேன்.

மாலை போனில் சரசு: "ஏனுங்க, இங்க குளிரு காதைப் புடுங்குது. என்ற மப்ளரைச் சின்னுசாமியண்ணன்கிட்டக் குடுத்துடுங்க."

சின்னுசாமி மாமா என் பங்குதாரர். கவி இருக்கும் ஊரில்தான் அவர் மகனும். சனிக்கிழமை கிளம்புகிறார்.

"ஆடு மேயற ஊர்ல மப்ளருக்கா பஞ்சம்? ஒண்ணு வாங்கிக்கோ" என்றேன்.

போனைக் கவி பிடுங்கிக்கொண்டாள். ஒவ்வொரு துணியும் ஆட்டிலிருந்து அலமாரி வரை எவ்வளவு கரியைக் காற்றில் கலக்கிறது என்று கணக்குப் போடுவது அவள் உத்தியோகம். கார்பன் தடமாம். "ஆடு உடற ஏப்பத்துலயே ஆரம்பிச்சுருதுங்கப்பா. அப்பறம் சாயம், மில்லு, கப்பலு. இருக்கறதையே வருசக்கணக்காப் போடறதுதான் நல்லதுங்க."

மெஸ் பரோட்டாவுக்குப் பிறகு என் ஏப்பத்தை யாரும் அளக்காதவரை நலம்.

மார்ச் 10, செவ்வாய்

இங்கே மட்டும் எழுதலாம். மப்ளர் பீரோவில் இல்லை. என் தலையணை மேல்.

லூதியானாவுக்கு லோடு போனபோது நானே வாங்கி வந்தது. "நம்மூரு வெய்யிலுக்கு மப்ளரா? லோடு ஏத்தறப்பத் தலையில கிலையில அடிபட்டுதுங்களா?" என்று சிரித்தவள், மார்கழி தவறாமல் அதைச் சுற்றிக்கொண்டுதான் கோலம் போட்டாள். தேங்காய் எண்ணெய், கோலமாவு, அவள். மூன்று வாசமும் இன்னும் அதில்.

ஐம்பத்து நாலு வயது. மீசை வேறு. மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு கம்பளியில் முகம் புதைத்துக் கிடக்கிறேன். கன்னமெல்லாம் வேர்க்குரு. மருந்துக் கடையில் கன்னத்துக்கு வேர்க்குருப் பவுடர் கேட்டால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

கொடுக்க முடியாது.

வாங்க: பற்பசை, கொசுவத்தி, அதே அரக்கு நிறத்தில் ஒரு மப்ளர்.

மார்ச் 12, வியாழன்

சேலம். கடைக்காரர்: "ஊட்டிக்குங்களா, ஏற்காட்டுக்குங்களா?" தலையணைக்கு என்று சொல்லவில்லை. அசல் கம்பளி என்று சத்தியம் செய்து கொடுத்தார். அரக்கு நிறமேதான்.

பழசாகத் தெரிய வேண்டுமே. ஆபீஸில் தார்ப்பாய்க்கு அடியில் போட்டு மிதித்தேன். சரசுவின் மப்ளரில் ஒரு மூலையில் ஊதுபத்தி சுட்ட ஓட்டை உண்டு. ஊதுபத்தியும் கொளுத்தினேன்.

"ஏனுங்க மாப்ள, துணிக்குப் பூசையா?" பின்னால் சி. மாமா. லாரிக்கு வருமுன் குமாரபாளையத்தில் தறி ஓட்டியவர். நூலைக் கொளுத்தி மோந்து பார்க்காமல் துண்டுகூட வாங்கமாட்டார். மூக்கைச் சுருக்கினார்.

"கம்பளின்னா முடி தீயற நாத்தம் வரோணுங்க. கருகி உதிரோணும். இது உருகிக் கட்டியாப் போச்சு பாருங்க. பிளாஸ்டிக்கு."

சிரித்துக்கொண்டே உருகிய மூலையைப் படமெடுத்துக் கவிக்கும் அனுப்பிவிட்டார். படுபாவி.

மார்ச் 13, வெள்ளி

விசாரணை.

கவி: "பழசு இருக்கறப்பப் புதுசு எதுக்குங்கப்பா? அதும் பெட்ரோல்ல செஞ்சது!"

நான்: "மாமா ஏறற பிளேனு எப்படியும் போகுது சாமி. திரும்பற லாரியில ஏத்தற ரிட்டர்ன் லோடு மாதிரி. புதுசானாலும் பழசானாலும் ஒரே எடைதான்."

"செய்யறப்பவே கரி வந்துருச்சுங்களே."

சரசு போனை வாங்கினாள்.

"பழசு எங்கீங்க?"

"பீரோல."

"காட்டுங்க."

வீடியோ. பீரோ படுக்கையறையில் அல்லவா இருக்கிறது! இந்த மூளையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் லாரித் தொழில். கட்டில் தெரிந்துவிட்டது. தலையணை, மேலே மப்ளர், நடுவில் என் மண்டை அளவுக்கு ஒரு பள்ளம்.

சரசு போனைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பேரன்தான் முதலில் ஏதோ சொன்னான்.

"குளுருதுங்க" என்றாள் சரசு. "குடுத்துடுங்க."

மார்ச் 14, சனி

கொடுத்துவிட்டேன். துவைக்கவா என்று கேட்டதற்குக் கவி: "வேண்டாங்கப்பா. கம்பளியைச் சும்மாச் சும்மாத் தொவைச்சா அதுக்கொரு கரி. காத்தாட உட்டாப் போதும்." காற்றாடவும் விடவில்லை. அப்படியே மடித்து மஞ்சள் பையில்.

சி. மாமா காரில் ஏறும்போது: "ரிட்டர்ன் லோடு என்னங்க மாப்ள? சரசு அம்மிணிய ஏத்தியாந்துரட்டுங்களா?"

சிரித்தேன். கார் போன பிறகும் வாயை மூட மறந்து நின்றிருக்கிறேன். எதிர்க்கடைக்காரர் விசாரித்த பிறகுதான் தெரிந்தது.

தலையணையில் புது மப்ளரைப் போட்டுப் பார்த்தேன். தார்ப்பாய் நாற்றம். எடுத்துவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

மெஸ் விடுமுறை. வாழைப்பழம், பன். வெயில் நேற்றைவிட மோசம்.

சரசு போன். பக்கத்தில் யாரும் இல்லை போல, குரல் மெதுவாக.

"வந்து சேந்துருச்சுங்க. பூராம் வேர்க்குருப் பவுடர் வாசம். உங்க வேர்வை வேற."

"கெரகம். தொவைச்சுப் போடு."

"தொவைக்கக் கூடாதாமா. உங்க மகதான் சொன்னா."

"அப்பக் காத்தாட உடு."

"வெளிய மழைங்க."

"அந்த நாத்தத்தையா காதுல சுத்திக்கறே?"

"காதுக்குத்தான் நான் வந்த அன்னிக்கே நம்ம மாப்பிள்ளை குல்லா வாங்கிக் குடுத்துட்டாருங்களே. இது தலகாணி மேல."