பம்பரைக் கழட்டிப் பாக்கலாம்க்கா

ஏப்ரல் 9, புதன்

கார் ஏசி கடையைத் திறப்பதற்குள் கிருஷ்ணப்பன் அண்ணன் வண்டியோடு வாசலில் நிற்கிறார். பாகலூர் பக்கம் செண்டுமல்லித் தோட்டம் வைத்திருப்பவர். எவ்வளவு கோபம் வந்தாலும் "பிடும்மா, பிடு" என்று, அதாவது விடு என்று, கன்னடத்தில் சொல்லி விட்டுவிடுகிற மனுஷன். இன்றைக்கு அந்த "பிடு" வரவில்லை. ஹைவேயில் ஓடும்போது ஏசி ஜில்லென்று வருகிறதாம், பஸ் ஸ்டாண்டு சிக்னலில் நின்றால் அனல் அடிக்கிறதாம். அவர் மனைவி நஞ்சம்மாவை டயாலிசிஸுக்கு இந்தக் காரில்தான் கூட்டிப் போகிறார். சிகிச்சை முடிந்து திரும்பும்போது அந்த அம்மாவுக்கு வெயில் கொஞ்சமும் தாங்காது.

போன மாதம் இதே வண்டிக்கு ஏசி கேஸ் ஏற்றியவன் சுரேந்தர். என் தம்பி. கடையில் பாதி அவன் பங்கு.

கேஜ் மாட்டினேன். பிரஷர் முள் மேலே எகிறி நின்றது. கேஸ் அதிகமாகிவிட்டால் அப்படித்தான் நிற்கும். "எவ்ளோடா ஏத்துன?" என்றேன். "எடை போட்டுத்தான்க்கா ஏத்துனேன்" என்றான். போட்டிருப்பான், போட்டிருப்பான். ஒரு கையில் போன், ஒரு கையில் சிலிண்டர். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு நானே அளந்து ஏற்றினேன். ஜில்லென்று வந்தது. 

ஏப்ரல் 11, வெள்ளி

நஞ்சம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கடையில் இறங்கினார்கள். மடியில் ஒரு செண்டுமல்லி மாலை, தோட்டத்துப் பூ, அவர்களே கட்டியது. நம் கடையில் வண்டி சரியாகிப் போகும்போதெல்லாம் முன்னால் ஒரு மாலை கட்டாமல் அந்த அம்மாவுக்கு மனசு ஆறாது. யுகாதிக்குக் கட்டியது காய்ந்து, நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அறுக்கப் போனேன். "ஐயோ, கைய வெக்காதம்மா! சாமி மால தானா காஞ்சி தானா உழணும்" என்றார்கள். சரி என்று பழைய நூலை விட்டுவிட்டு, புது மாலையை முன்பக்க கிரில் கம்பிகளுக்குள் நுழைத்து நானே முடிச்சுப் போட்டேன். ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய கையால் அந்த அம்மா வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது பாவமாக இருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. சுரேந்தர் சாப்பிட வந்தான். பாயசம் தித்திப்பு கம்மி என்று குறை சொல்லிக்கொண்டே பாத்திரத்தைக் காலி செய்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் தூக்கம் வராது.

கிருஷ்ணப்பன் அண்ணன் வண்டி திரும்பவும் வந்தது. இந்த முறை கரகரவென்று சத்தம். கம்ப்ரஸரைக் கழற்றி ஆயிலைச் சாய்த்தால் கருப்பாக வருகிறது, அதில் ஜிகினா மாதிரி மின்னும் தூள். கம்ப்ரஸர் உள்ளேயே தேய்ந்து போச்சு. அதிகப் பிரஷரில் ஒரு மாதம் ஓடினால் தேயாமல் என்ன செய்யும்? எனக்குத் தலைக்கேறிவிட்டது.

சுரேந்தர் குனிந்து கிரில் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தான். கிரில்லுக்குப் பின்னால் ஏசி சூட்டை வெளியேற்றுகிற கண்டன்சர் ஜாலியின் மேல்பாதி சுத்தமாகத்தான் தெரிந்தது, நானும் பார்த்தேன். கீழ்ப்பாதியை பம்பர் மறைத்திருந்தது. "பம்பரைக் கழட்டிப் பாக்கலாம்க்கா" என்றான்.

"ஏசி கெட்டா பம்பர கழட்டுவியாடா? பல்லு வலிச்சா கால்ல கட்டு போடுவியா?"

கிருஷ்ணப்பன் அண்ணன் சிரித்துவிட்டார். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரும் சிரித்தார். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினேனா? "ஒழுங்கா எடை போடத் தெரியல, கம்ப்ரஸரையே தின்னுட்ட, இப்ப பம்பர் மேல பழி போடறான் பாருங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால்.

அவன் கையைத் துடைத்தான். கடைச் சாவியை கேஜ் பெட்டி மேல் வைத்தான். "நீயே பாத்துக்கோக்கா." போய்விட்டான்.

சாயங்காலம் வந்துவிடுவான் என்று டீ சொல்லிவைத்தேன். ஆறிப்போச்சு.

ஏப்ரல் 19, சனி

அத்திப்பள்ளியில் ஒரு ஏசி கடையில் சேர்ந்துவிட்டானாம். பஞ்சர் கடைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். கர்நாடகா பார்டர் தாண்டினால் போதும், அக்கா முகத்தில் முழிக்க வேண்டாம் பார்.

போகட்டும். தப்புப் பண்ணினவனுக்கு ரோஷம் வேறு.

அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினவள் நான். ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இல்லையா? ஒரு வார்த்தையா சொன்னேன்?

ஏப்ரல் 22, செவ்வாய்

புது கம்ப்ரஸர் மாட்டினேன். தனியாக. பைப்பையெல்லாம் கழுவி, ஃபில்டர் மாற்றி, ஆயில் விட்டு, எடை போட்டு கேஸ் ஏற்றி எல்லாம் என் கையாலேயே. கண்டன்சரையும் கழற்றாமல் வண்டியிலேயே வைத்து உள்குழாயைக் கழுவிவிட்டேன். ஆள் இருந்தால் கழற்றியிருக்கலாம். போல்ட்டை முறுக்கும்போது பழக்கதோஷத்தில் "புடிடா" என்று கையை நீட்டிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

ஏசி ஜில்லென்று வந்தது. கிருஷ்ணப்பன் அண்ணன் வீட்டிலிருந்து மாலை கொண்டுவந்திருந்தார். கட்டினேன்.

ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர், "மச்சான் இல்லாம கடை நல்லா அமைதியா இருக்குமே" என்று வம்புக்கு இழுத்தார். சாப்பாட்டு டப்பாவை அவர் கையில் திணித்தேன். அவரும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஏப்ரல் 26, சனி

நஞ்சம்மா மயங்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, அதே சிக்னலில், லாரிகளுக்கு நடுவில். ஏசி நின்று அனலாக அடித்திருக்கிறது. கண்ணாடியை இறக்கினால் வெளியே அதைவிட மோசம். கிருஷ்ணப்பன் அண்ணன் ஓரமாக நிறுத்தி, இளநீர்க் கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி முகத்தில் தெளித்திருக்கிறார். இப்போது பரவாயில்லையாம், வீட்டில் படுத்திருக்கிறார்களாம். வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் போனார்.

ஒரு சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "பிடும்மா. நீயும்தான் இன்னா பண்ணுவ" என்றார்.

கேஜ் மாட்டினேன். முள் அதே இடத்தில் எகிறி நிற்கிறது.

கேஸ் நான் ஏற்றியது. கம்ப்ரஸர் நான் மாட்டியது. திட்டுவதற்கு இப்போது ஆளே இல்லை. அப்போ அவன் ஏத்தினது சரியாத்தான் இருந்துச்சா? மொதல்லேருந்தே?

ஏப்ரல் 27, ஞாயிறு

லீவு நாளில் போய்க் கடையைத் திறந்தேன். பம்பரைக் கழற்றினேன்.

கண்டன்சரின் கீழ்ப்பாதி முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு மெத்தை. காய்ந்த செண்டுமல்லி இதழ், மேலே தூசி, மஞ்சள், குங்குமம், அதற்கு மேல் இன்னும் இதழ், எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னியதுபோல மாலை நூல். தானாகக் காய்ந்து தானாக விழுந்த மாலைகள் எல்லாம் இங்கேதான் விழுந்திருக்கின்றன. ஜாலியில் காற்றுப் போக வழி இல்லை. காற்றுப் போகாவிட்டால் சூடு வெளியேறாது, பிரஷர் ஏறும், கம்ப்ரஸர் மூச்சுத் திணறித் தேயும். ஹைவேயில் வேகமாகப் போனால் மேல்பாதியில் அடிக்கிற காற்றே சமாளித்துவிடும். சிக்னலில் நின்றால் அதுவும் கிடையாது. இத்தனை வருஷம் இந்த வேலை பார்க்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. தோன்றினவனைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்து அனுப்பினேன்.

கையால் பிய்த்துப் பிய்த்து எடுத்தேன். வாளி நிறைய வந்தது. மேலாக இருந்த நூலில் ஒரு முடிச்சு. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான் போட்டது.

தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். நல்லவேளை, பஞ்சர் கடை லீவு.

ஏப்ரல் 28, திங்கள்

முள் இறங்கி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. சிக்னலிலேயே கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தேன், கை விறைக்கிற அளவுக்குக் குளிர்ச்சி. வண்டியை நானே பாகலூருக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

வாளியைக் காட்டலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசனை. காட்டினேன். நஞ்சம்மா கட்டிலில் சாய்ந்தபடியே எட்டிப் பார்த்தார்கள். ஒரு இதழை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். பிறகு, "நானே கட்டி நானே வெந்திருக்கேன் பாரு" என்று சிரித்தார்கள். சிரித்ததில் இருமல் வந்தது. "இனிமே மாலய உள்ள வெச்சிக்கிறேன், சாமி படத்துக்கு. அது சரி, அந்தத் தம்பிய எங்க காணோம்? அன்னிக்கி மொகம் செத்துப் போயில்ல போனானாம், இவரு வந்து சொன்னாரு."

கிருஷ்ணப்பன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் சிரிச்சிட்டேம்மா அன்னிக்கி" என்றார்.

வெளியே வந்து, செண்டுமல்லி வரப்பில் நின்றபடியே சுரேந்தருக்குப் போன் போட்டேன். "பம்பரைக் கழட்டினேன்டா. பூவுதான்டா. நீ சொன்னதுதான் சரி. உன்மேல ஒரு தப்பும் இல்ல. எல்லார் முன்னாடியும் அப்பிடிப் பேசினேன், மன்னிச்சிக்கடா."

"சரிங்க" என்றான்.

"கடைக்கு வாடா."

"இங்க வேல இருக்குங்க. வெச்சிடறேங்க."

"ங்க" போட்டான் என்னிடம். பொறந்ததிலிருந்து வாக்கா போக்கா என்றவன், கஸ்டமரிடம் பேசுகிற மாதிரி. அவன் என்னைத் திட்டியிருந்தால் இப்படி வலித்திருக்காது.

மே 2, வெள்ளி

கிருஷ்ணப்பன் அண்ணன் கடைக்கு வந்து பஞ்சர் கடைக்காரரிடம் சத்தமாகச் சொன்னார்: "அந்தத் தம்பி சொன்னது கரெக்டுப்பா, நாமதான் லூசுங்க." அவன் காதில் விழ வேண்டியது. அவன் இல்லை.

மே 13, செவ்வாய்

கர்நாடகா நம்பர் வண்டி ஒன்று வந்து நின்றது. அத்திப்பள்ளியில் ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றுகிற வண்டி. ஏசியில் சத்தம். கம்ப்ரஸர் கிளட்ச் பேரிங் என்று கேட்டதுமே தெரிந்தது. "அங்கயே கடை இருக்கே, இவ்ளோ தூரம் எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

"அங்க சுரேந்தர்னு ஒருத்தர் அனுப்பினாரும்மா. கம்ப்ரஸர் வேலன்னா எங்கக்கா கையிலதான் குடுக்கணும்னாரு." டிரைவர் கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனச்சிக்காதீங்க. பம்பர கழட்டச் சொல்லிப் பக்கத்துலயே நின்னு பாத்துக்கோங்க, இல்லன்னா கழட்டாது அதுன்னு வேற சொன்னாரு."

சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கிரீஸ். பாவம், டிரைவர் பயந்துபோய் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

பேரிங்கை மாற்ற பம்பரைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. கழற்றினேன். உள்ளே சுத்தமாக இருந்தது, ஒரு இதழ்கூட இல்லை. போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். எழுத ஒன்றும் தோன்றாததால் வெறும் போட்டோ.

நீல டிக் விழுந்தது. அப்புறம் பதிலே இல்லை. போனை ஸ்டூல்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். பேரிங்கை அடித்து இறக்கி முடிக்கும்போது போனில் ஒரு சத்தம். திருப்பிப் பார்த்தேன்.

"சாப்டியாக்கா?"