பால்கறை படிந்த சட்டை

இன்று காலை என் மருமகள் எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள்.

ஒரு வருடமாக விரல்கள் நடுங்குகின்றன. இரண்டாவது பொத்தானைத் துளைக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ருவான்வெல்லை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "விடுங்க மாமா, இதுக்குப் போயி கஷ்டப்பட்டுக்கிட்டு" என்று என் கைகளை மெல்ல ஒதுக்கிவிட்டு, ஐந்து பொத்தானையும் மளமளவென்று போட்டாள். நல்ல பெண். தேத்தண்ணியை ஆற்றி வைத்துவிட்டுத்தான் ஓடினாள். ஒதுக்கப்பட்ட கைகள் மடியில் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் ஞாபகம் வந்தது. உன் கைகளும் கடைசி இரண்டு வருடம் அப்படித்தான் கிடந்தன.

உனக்கு எழுத்துத் தெரியாது. உயிரோடு இருந்த காலத்திலேயே இதை நீ வாசித்திருக்க முடியாது. ஆனாலும் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். உன்னைப் பற்றி மற்றவர்களுக்கு நிறைய எழுதியவன் நான். உன்னிடம் ஒன்றுமே சொன்னதில்லை.

சுனாமிக்கு முந்திய வருடம், தோட்டத்து ஆபீசில் கிளார்க் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சும்மா இருந்தேன். கேகாலையில் இருந்த ஓர் உதவி நிலையம், உன்னைப் போல வளர்ந்த பிறகும் பிறர் துணை வேண்டியவர்களுக்கு, வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஆட்களை நியமித்திருந்தது. அந்த ஆட்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்து எழுதித்தர ஒருவர் தேவைப்பட்டார். என் கையெழுத்து நன்றாக இருக்கும், எதையும் வரிசை தவறாமல் செய்வேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு படிவம் தந்தார்கள். பதினான்கு கேள்விகள். ஒரு கேள்விகூட உன்னிடம் கேட்கச் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது தோன்றவும் இல்லை.

உனக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்தில், கடைசிக் காம்பிரா என்ற ஒற்றை அறையில் நீயும் அம்மாவும். உன்னைப் பார்த்துக்கொள்ள வந்தவள் பாக்கியம், முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பெண். உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையவள். நான் உன்னை "நீ, வா, போ" என்றேன். அவள் "அண்ணே, வாங்க" என்றாள்.

முதல் தடவை வந்தபோது காலையில் பேர் பதியும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். நீ வாசலில் நின்று சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். கீழ்ப் பொத்தான் மேல் துளையில் போயிருந்தது. அதைக் கழற்றினாய், மறுபடி தொடங்கினாய். சட்டையில் ரப்பர் பால் வடிந்து காய்ந்து கறுத்த திட்டுகள். ஒட்டுப்பால் நாற்றம் வாசல்வரை அடித்தது. பாக்கியம் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து உதவவில்லை.

பாதையில் போன சோமே, அந்தச் சிங்களப் பால்வெட்டி, நின்று கையை ஆட்டினான்.

"கங்காணி! இன்னும் மாப்பிள்ளை ரெடியாகலையா? யமு, யமு!"

யமு என்றால் போவோம் என்று உனக்குத் தெரியும். "யமு!" என்று நீயும் கத்தினாய். கடைசிப் பொத்தான் துளைக்குள் போனதும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாய். பாக்கியம் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பின்னால் வந்தாள். பால் வடிய மரத்தில் கட்டிய சிரட்டைகளில் முந்தின நாள் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போடுவது உன் வேலை. எந்தச் சிரட்டை சரிந்திருந்தாலும் நிமிர்த்தி வைக்காமல் அடுத்த மரத்துக்கு நகரமாட்டாய். அதனால்தான் உனக்குக் கங்காணிப் பட்டம்.

நான் வாசலில் நின்றபடி படிவத்தை நிரப்பினேன். உடை சுத்தமாக உள்ளதா? இல்லை. துர்நாற்றம் உண்டா? உண்டு. உடை உடுத்த உதவப்படுகிறதா? இல்லை. பார்வையிடப் போன நேரத்தில் பராமரிப்பவர் என்ன செய்துகொண்டிருந்தார்? "உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்." அழகான கையெழுத்தில் எழுதினேன்.

மூன்று மாதமும் அதே பதில்கள். மூன்றாம் மாதப் படிவத்தின் அடியில் சிபாரிசு எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள். "ஆளை மாற்றுவது நல்லது" என்று பென்சிலால் எழுதினேன். இரண்டு தடவை அழித்தேன். மூன்றாம் தடவை பேனாவால் எழுதினேன்.

அந்த வாரமே பாக்கியத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"கிளாக்கரையா, பால்கறை தொவைச்சா போகுமாங்க?"

மறுபடியும் உள்ளே வரச் சொன்னேன்.

"முப்பது வருசம் இந்த ரப்பர் தோட்டத்துலதானே இருந்தீங்க? வேலைச் சட்டைன்னா அப்பிடித்தான் இருக்கும்னு தெரியாதுங்களா? அவருக்கு வேற சட்டையும் இருக்கு, வெள்ளையா. கோயிலுக்குப் போடுவாரு. மலைக்குப் போக அதைக் குடுத்தா வீசிப்புடுவாரு."

"உதவி செய்யாம உட்கார்ந்திருந்தியேம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உதவிதாங்க அது. எந்திரிச்சுப் போட்டு விட எனக்கு ஒரு நிமிசம் போதும். கை பரபரங்கும். அதை அடக்கத்தான் வெத்தலை. மொதல்ல ஒரு பொத்தான் போடவே அவருக்கு ஆறு மாசம் ஆச்சு. அதையும் எழுதியிருக்கலாமில்ல?"

எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இல்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் பின்பக்கம் முழுதும் வெறுமையாக இருந்தது.

எனக்குப் பால்கறை தெரியும். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே தினமும் அந்தச் சட்டைகள்தான் வரிசையில் நின்றன. ஒருநாளும் அவற்றை அழுக்கு என்று நினைத்ததில்லை. ஆனால் கேகாலையிலிருந்து யாராவது வந்து உன்னைப் பார்த்து, "இந்த அழுக்கையா சரி என்று எழுதினீர்கள்?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியங்களையெல்லாம் இப்படிப்பட்ட பயத்தில்தான் செய்திருக்கிறேன்.

அடுத்து மாலதி வந்தாள். பயிற்சி பெற்ற, சுறுசுறுப்பான சின்னப் பெண். அவளைக் குறை சொல்லமாட்டேன். உன்னைக் குளிப்பாட்டினாள், வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுவிட்டாள், ஊட்டினாள், வாசல் பெஞ்சில் உட்காரவைத்தாள். பதினான்கு கேள்விக்கும் சரி. என் அறிக்கைகளை முன்மாதிரி என்று நிலையத்தார் பாராட்டினார்கள்.

அப்படி ஒரு காலையில் நான் உன் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். சோமே பாதையில் போனான். வழக்கத்தை விடவில்லை. "கங்காணி, யமு!" நீ சட்டென்று எழுந்தாய். மாலதி உன் தோளைப் பிடித்து, "உக்காருங்கண்ணே, சட்டை அழுக்காயிரும்ல" என்று சிரித்தபடி உட்காரவைத்தாள். நீ மறுக்கவில்லை. சோமே போய்விட்டான். நீ என் பக்கம் திரும்பினாய். கத்தவில்லை, மெதுவாகக் கேட்டாய்: "யமு?"

என்னைத்தான் கேட்டாய். உன்னை அங்கே உட்காரவைத்தவன் நான் என்று உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பேனா வைத்திருப்பவர் சொன்னால் நடக்கும் என்று மட்டும் தெரிந்திருக்கும். "போய்ட்டு வாப்பா" என்று சொல்லியிருக்கலாம். மாலதி மறுத்திருக்கமாட்டாள். நான் படிவத்தைப் பார்த்தேன். ஒன்பதாவது கேள்வியில் இருந்தேன். நீ மறுபடியும் கேட்டாய். நான் ஒன்பதாவதுக்குச் சரி போட்டேன்.

கிளம்பும்போது உன் அம்மா வாசல்வரை வந்தார்.

"குத்தமா சொல்லலீங்க. புள்ள நல்லாத்தான் கவனிக்குது. ஆனா இவன் இப்ப தூங்குறதில்லீங்க. தேத்தண்ணிக் கோப்பையக்கூட யாராச்சும் வாயில வைக்கணும்னு பாத்துக்கிட்டிருக்கான். முன்ன எனக்கே ஊத்திக் குடுப்பான்."

பார்க்கிறேன் என்றேன். அதன் பிறகும் எட்டுப் பத்துப் படிவங்கள் எழுதினேன். ஒன்றின் பின்பக்கத்திலாவது அந்தத் தாய் சொன்னதை எழுதவில்லை. எழுதினால் முன்னால் எழுதியது தவறு என்றாகிவிடுமே.

ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி நீ போனாய். உன் சாவுக்கு நான் காரணமில்லை. அந்த ஆறுதலைப் பலமுறை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டேன். அதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்கு நான்தான் காரணம்.

நான் போனபோது உன்னைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, வெள்ளைச் சட்டையை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து அந்தக் கறைச் சட்டையை எடுத்தார். பாக்கியம் உன் பக்கத்தில் மண்டியிட்டு, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டாள். அவள் உனக்குப் பொத்தான் போட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான். மிக மெதுவாகப் போட்டாள். நீ எடுத்துக்கொள்ளும் நேரத்தையே எடுத்துக்கொண்டாள். முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "தள்ளி நில்லுங்க ஐயா, தூக்கணும்" என்றாள்.

அந்த மாதமே படிவங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டார்கள். கண் பார்வை சரியில்லை என்றேன்.

இன்று மருமகள் பஸ் ஏறிப் போனதும் ஐந்து பொத்தானையும் கழற்றினேன். மறுபடி நானே போட்டேன். தேத்தண்ணி ஆறி ஏடு படிந்துவிட்டது. ஒரு பொத்தான் கையை விட்டு எத்தனை தடவை நழுவுகிறது, துளையைக் கண்டுபிடித்ததும் நெஞ்சுக்குள் எப்படி இருக்கிறது என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. நீ அதைத் தினமும் செய்துவிட்டு, அதற்குமேல் மலையும் ஏறினாய்.

மேல் பொத்தான் ஒரு துளை தள்ளிப் போயிருக்கிறது. கழற்றாமல் விட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சாயங்காலம் அவள் வந்ததும் முதலில் அதுதான் கண்ணில் படும். கையை நீட்டுவாள். "கொஞ்சம் உக்காரும்மா, நானே போட்டுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஆளில்லாத வீட்டில் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். குரல் வருகிறது.