கைமாத்துப் பெண்

செப்டம்பர் 9
நாளை ஆய்வு அதிகாரி வருகிறார். எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு என் பொறுப்பு. வழக்கம்போல ‘ஏ’ பிரிவிலிருந்து நன்றாக வாசிக்கும் ஒரு பெண்ணைக் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் அறையில் இதற்குப் பெயர் கைமாத்து. எழுத்துக்கூட்டி வாசிக்கும் குருவியின் இடத்தில் அவள் உட்காருவாள். குருவி என்பது பிள்ளைகள் வைத்த பெயர், குரல் அப்படி. அதிகாரி போகும்வரை குருவிக்கு விளையாட்டுப் பொருள் அறை.

“வருஷா வருஷம் நடக்கறதுதானே டீச்சர், மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?” என்றார் தலைமையாசிரியை.

செப்டம்பர் 10
நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் நான்தான் குருவியை விளையாட்டுப் பொருள் அறையில் உட்கார வைத்தேன். “சத்தம் போடக்கூடாது. நானே வந்து கூப்பிடறேன்.” பி.டி. மாஸ்டர் பூட்டினார், பிறகு பந்தயத்துக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதிகாரி சாப்பிட்டுவிட்டு, பாராட்டிவிட்டுக் கிளம்பினார். கைமாத்துப் பெண் தன் வகுப்புக்குத் திரும்பவில்லை. மதிய வருகைப் பதிவிலும் குருவியின் பெயருக்கு அவளே “உள்ளேன் மிஸ்” என்றாள். தலைகளை எண்ணினேன். சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் குருவியின் அம்மா. தையல் கம்பெனி அட்டை கழுத்திலேயே தொங்கியது.

“புள்ள இன்னும் வரல மிஸ். ஸ்கூலுக்கு வந்தாளா இல்லியா?”

“வந்தாளே...” வாய் சொல்லிவிட்டது. அப்புறம்தான் — ஐயோ.

செருப்புகூடப் போடாமல் பள்ளிக்கு ஓடினேன். வாட்ச்மேன் மாற்றுச் சாவியால் திறந்தார். பாய்களுக்கும் வலைக்கும் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். சீருடை நனைந்திருந்தது.

“கதவத் தட்டியிருக்கலாமே, கண்ணு?”

“நீங்கதானே மிஸ் சத்தம் போடக்கூடாதுன்னீங்க.”

அம்மா அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 11
குருவி வரவில்லை.

செப்டம்பர் 13
குருவி வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

“எதுக்கு அனுப்பணும்? ஒளிச்சு வைக்கறதுக்கா?”

“இனிமே அவ பேருக்கு அவதான் பதில் சொல்லுவா” என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

செப்டம்பர் 18
வந்தாள். கதவோரமாக உட்கார்ந்தாள். பெயரைக் கூப்பிட்டபோது கையை மட்டும் தூக்கினாள். என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 7
சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி அதிகாரி. தலைமையாசிரியை என்னை வராந்தாவில் மடக்கினார்.

“சீக்கிரம், ‘ஏ’லேர்ந்து அவளக் கூட்டிட்டு வாங்க.”

“மாட்டேன் மேடம்.”

“பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?”

அதிகாரியின் விரல் நேரே குருவியைக் காட்டியது. ஒரு பத்தி. எழுத்துக்கூட்டி, நின்று, மறுபடி ஆரம்பித்து... கடைசி பெஞ்சில் ஒருவன் களுக்கென்றான். பக்கத்துப் பையன் அவன் தொடையைக் கிள்ளினான். முடித்தாள். வாசிப்பு மிகவும் பின்தங்கியுள்ளது என்று அதிகாரி குறித்துக்கொண்டார். நான் விளக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள். குருவியும் ஓடினாள். கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து, வாசலில் எட்டிப் பார்த்தாள்.

“போயிட்டு வரேன் மிஸ்.”