உன் அக்கா அனுப்பிய தேயிலை

கொழுந்து,

உன்னை இப்படிக் கூப்பிட்டு மூன்று மாதம் ஆகிறது. ஊருக்கெல்லாம் நீ சிலோன்காரி. எனக்கு மட்டும் கொழுந்து. இன்று காலையில் உன் பேர் தானாக வாயில் வந்துவிட்டது. துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிற பெரியவன் பெட்டியைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வைத்தான். "அம்மா, அசல் சிலோன் டீத்தூள்" என்றான். மருமகள் கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினாள். அந்த வாசனை வந்ததும் நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீதான் வருகிறாய் என்று நினைத்துவிட்டேன்.

"மாமா இருந்திருந்தா இதை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டாங்க" என்றாள் மருமகள். வாஸ்தவம்தான். சிலோன் கலவரத்துக்கு அப்புறம் என் வீட்டுக்காரர் கண்ணை மூடுகிற வரைக்கும் அந்த நாட்டுச் சாமான் ஒன்றுகூட எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை.

நீ வந்த வருஷம் இங்கே கூலிச் சண்டை. மிராசுகள் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து இறக்கினார்கள் என்று சங்கத்துக்காரர்கள் வயலை மறித்து நின்றார்கள். என் வீட்டுக்காரர்தான் எங்கள் தெருவுக்குச் சங்கத் தலைவர். உன் புருஷனுடைய பாட்டன் பிறந்த ஊர் இது என்று இரண்டு சர்க்காரும் காகிதத்தில் எழுதி, சிலோனிலிருந்து கப்பலேற்றி, உங்களை இங்கே அனுப்பிவிட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் உன்னை வரப்பிலேயே நிறுத்தி, "நீ உள்ளாளா, வெளியாளா?" என்று கேட்டார்.

"அங்க எங்கள இந்தியாக்காரின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரிங்கிறீங்க. எந்த ஊரு ஆளுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்கண்ணே. அதுவரைக்கும் நான் களை எடுக்கறேன்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் களை எடுத்தாயே, அது களையெடுப்பா? வரிசையில் உனக்குக் கொஞ்சம் பின்தங்கி நான் வந்துகொண்டிருந்தேன். சொத்தென்று என் மூஞ்சியில் சேறும் புல்லும் வந்து விழுந்தது. துடைத்துக்கொண்டு பார்த்தால் மறுபடியும் விழுகிறது. நீ புல்லின் நுனியை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டே போகிறாய். முதுகில் கூடை இருப்பதாக உன் கைக்கு நினைப்பு. தேயிலைத் தோட்டத்தில் எட்டு வயசிலிருந்து கொழுந்து கிள்ளிய கை, வயலுக்கு வந்தும் அதையே செய்தது.

"அடியே, வேரை விட்டுட்டு நுனியக் கிள்ளுறியே, இது என்ன பூப்பறிக்கிற வேலையா?" என்று கத்தினேன். நீ திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தாய். சேற்றுக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கு வைத்த பேர்தான் கொழுந்து. நீ கிள்ளிவிட்ட களையெல்லாம் பத்தே நாளில் தழைத்து நின்றது. அந்தப் பங்கை நாம் இரண்டு பேரும் கூலியில்லாமல் மறுபடி எடுத்தோம்.

உன் அக்காவைப் பற்றி நீ பேசாத நாளில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் உனக்கு இந்தியா என்றும் அவளுக்கு இலங்கை என்றும் சர்க்கார் பிரித்துவிட்டது. அவள் அந்த மலையிலேயே இருந்து பறித்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் யாரிடமாவது வருஷத்துக்கு ஒருதரம் தேயிலை கொடுத்தனுப்புவாள். நீ அதில் பாதியை ஒரு பால்மாவு டப்பாவில் போட்டு எனக்குத் தருவாய். டீ என்று நான் சொன்னால் கோபம் வரும் உனக்கு. "தேத்தண்ணின்னு சொல்லுங்கக்கா" என்பாய். பால் ஊற்றவிட மாட்டாய். உள்ளங்கையில் சீனியை வைத்து ஒரு நக்கு, ஒரு மடக்கு. எனக்கும் பழக்கிவிட்டாய்.

அப்புறம் அங்கே கலவரம் வந்தது. நம் ஆட்களை வீட்டோடு கொளுத்துகிறார்கள் என்று பேப்பரில் வந்ததை என் வீட்டுக்காரர் சங்கக் கொடிக்கம்பத்தடியில் நின்று படித்துக் காட்டினார். படிக்கும்போதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் அக்காவிடமிருந்து கடுதாசி இல்லை. நீ தினம் தபால்காரர் சைக்கிளுக்குக் குறுக்கே போய் நின்றாய்.

சிலோன் சாமான் இனி ஒருத்தரும் வாங்கக் கூடாது, வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து கொளுத்த வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. ஒரு சாயங்காலம் கொடிக்கம்பத்தடியில் நெருப்பு மூட்டினார்கள். குடவாசல் கடைத்தெருவில் ஆசையாக வாங்கிய சிலோன் லுங்கியை ஒருத்தர் போட்டார். பிரிக்காத சோப்பு இரண்டை ஒருத்தி முகர்ந்து பார்த்துவிட்டுப் போட்டாள். "அங்கேர்ந்து ரேடியோல பாட்டு வருதே, அதை என்ன பண்றது?" என்று யாரோ கேட்டார்கள். "பாட்டை எப்புடிய்யா கொளுத்துவே?" என்றார் என் வீட்டுக்காரர். கூட்டத்தில் ஒருத்தன் உன்னைப் பார்த்து, "சிலோன்காரி, நீ என்ன போடப் போறே?" என்றான்.

"அங்கேர்ந்து வந்ததுலயே பெரிய சாமான் நான்தான். தூக்க முடிஞ்சா தூக்கிப் போடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொருத்தன், "தலைவர் வீட்டுலேர்ந்து ஒண்ணையும் காணுமே. ஊருக்குத்தான் உபதேசமா?" என்றான். இவர் தலை குனிந்துகொண்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டில் இருந்த ஒரே சிலோன் சாமான் நீ கொடுத்த டப்பாதான். கொண்டுவந்து, நெருப்புக்கு முன்னால் நின்று, உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். நான் கவிழ்த்துவிட்டேன்.

தேயிலை எரிகிற வாசனை எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "அக்கா கை வாசனை வருது" என்று நீ சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாய்.

அந்தச் சம்பா நடவு முழுக்க நீ வரிசையின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். நடுவில் இருபது பேர் குனிந்து நடுகிறார்கள், எனக்கு உன் முதுகு மட்டும் தெரிகிறது. நடவு முடிந்த அன்றைக்கு மூடி போட்ட தூக்கோடு நீயே என் வாசலுக்கு வந்தாய். உன் பங்குத் தேயிலையில் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்திருந்தாய். "கையை நீட்டுங்கக்கா" என்று சீனியை வைத்தாய். "இத்தோட டப்பா காலி. இனிமே கேட்டா வராது" என்றாய். "கோபமாடி?" என்றேன். "ஆறிடும், குடிங்க" என்றாய். தேத்தண்ணியைச் சொன்னாயா, கோபத்தைச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அந்தக் கடுதாசி வந்தது. வரப்பில் நீ ஓடி வந்த வேகத்தில் இரண்டு தரம் விழுந்தாய். எனக்கு மூன்றாம் வகுப்பு, உனக்கு அதுவும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அக்கா உயிரோடு இருந்தாள். வீடு போய்விட்டது, வேறு தோட்டத்தில் இருக்கிறோம், பிள்ளைகள் சுகம் என்று எழுதியிருந்தாள். கடைசியில், கலவரத்துக்கு முன்னால் அனுப்பிய தேயிலை கிடைத்ததா, நீ சொல்லும் அந்த அக்காவுக்குக் கொடுத்தாயா, அவர்களுக்குப் பிடித்ததா என்று கேட்டிருந்தாள்.

அந்த வரியை மட்டும் உன் முகத்தைப் பார்க்காமல் படித்து முடித்தேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதில் எழுதுங்கக்கா" என்றாய். சொல்லச் சொல்ல எழுதினேன். "தேயிலை கெடச்சிச்சு. அக்காவுக்குக் குடுத்தேன். அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருந்திச்சி, சொட்டு விடாம குடிச்சாங்க. எழுதிட்டீங்களா?"

எழுதினேன் கொழுந்து. என் கையாலேயே எழுதினேன். அதற்குப் பிறகு உன் கடுதாசி எல்லாம் நான்தான் எழுதினேன். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். உன் கருமாதி முடிந்ததும், நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அக்காவுக்கு எழுதிப் போட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

காலையில் மருமகள் பாலை எடுத்தாள். வேண்டாம் என்றேன். உள்ளங்கையில் சீனியை வாங்கி நக்கி நக்கிக் குடித்தேன். "என்னத்தே, சின்னப்புள்ள மாதிரி" என்று சிரித்தாள். தேத்தண்ணி அப்படித்தான் குடிக்க வேண்டும் என்றேன். டீ என்கிற வார்த்தை இப்போதெல்லாம் என் வாயில் வருவதில்லை.

என் வீட்டுக்காரர் செய்ததைத் தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவர் வயிறு எரிந்து செய்தார். அங்கே செத்தவர்கள் நம் ஆட்கள்தானே. ஆனால் அந்தத் தேயிலையைப் பறித்ததும் நம் ஆள்தான். அது அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். டப்பாவைக் கவிழ்ப்பதற்கு முன்னால் உன்னைத்தானே பார்த்தேன். "போடாதீங்கக்கா" என்று நீ வாயசைத்திருந்தால்கூடத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பேன், ஊர் என்ன சொன்னாலும் சரி என்று. எனக்கு ஊர் நடுவில் தலைகுனிவு வரக் கூடாது என்று பேசாமல் நின்றாயா, இல்லை, உன் அக்காவுக்காக எரிகிற நெருப்பு, அதில் அவள் பறித்ததும் எரியட்டும் என்று நின்றாயா?