மொன்றியலில் வோட்டு, வெள்ளவத்தையில் மழை

28 ஒக்டோபர் 1995, சனி

காலையில் கொம்யூனிகேஷன் கடைக்குப் போய் மொன்றியலில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்தேன். எனக்குப் பின்னால் சீருடையில் ஓர் ஆமிக்காரர் தன் முறைக்குக் காத்து நின்றார்.

“அக்கா, திங்கட்கிழமை இங்க வோட்டு. கியூபெக் கனடாவை விட்டுப் பிரியிறதோ, சேர்ந்திருக்கிறதோ எண்டு கேக்கினம். சனம் ரோட்டில நிண்டு வாக்குவாதப்படுது, ஒருத்தரையும் பிடிச்சுக்கொண்டு போகேல்லை. நான் எதுக்குப் போட?”

அவன் குரல் வெளியே கேட்டுவிடுமோ என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“இங்க சரியான மழை, தம்பி.”

போனில் ஆபத்தான கதை வந்தால் நிறுத்துவதற்கு நாங்கள் வைத்திருக்கும் சொல் அது. விளங்கிக்கொண்டு, சுகம் விசாரித்துவிட்டு வைத்தான்.

வெளியே வெயில் கொளுத்தியது.

நாடு பிரிவதா, சேர்ந்திருப்பதா என்று இந்த நாற்பத்தாறு வயதில் இன்றுதான் ஒருவன் என்னிடம் அபிப்பிராயம் கேட்டான். அதுவும் என் நாடு இல்லை. அதற்கே மழை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.