ஒரு அளவு சின்னது

பிப்ரவரி 11
கராஜ் சுவரில் என் உடம்பின் அளவுகள் இருக்கின்றன. கால் நீளம், கை நீளம், தோள் அகலம் எல்லாம் என் கணவர் லைலின் கையெழுத்தில், கறுப்பு மார்க்கரில். மேலே என் பெயர் இல்லை, 'டாக்' என்றிருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கிய நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். பாதி கேலி, பாதி பெருமை.

கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் மண்ணியல் நடத்தியபின் முதல் நீண்ட விடுப்பு. ஜூனில் கனடா எல்லையில் தொடங்கி, மலைகளின் முதுகோடு மெக்சிகோ எல்லை வரை, மண்பாதையிலேயே சைக்கிளில். தனியாக. டிசம்பரில் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். லைல் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப உனக்கொரு சைக்கிள் தேடணும்" என்றார்.

அந்த நிமிடமே பயணம் அவருடையதாகிவிட்டது.

பிப்ரவரி 19
காலைச் சாப்பாட்டில் ஃப்ரேம் கார்பனா ஸ்டீலா என்று லைலின் பிரசங்கம். மதியம் டயர் அகலம். நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

மார்ச் 2
தேவாலயத்தில் பொது விருந்து. மிளகாய்க் குழம்பு, தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை ரொட்டிச் சுருள். "உனக்கென்ன, வீட்டுக்குள்ளயே மெக்கானிக்" என்று மூன்று பெண்கள் மூன்று முறை சொன்னார்கள். லைல் முப்பது வருடம் பள்ளி ஓட்டக்குழுவின் பயிற்சியாளர். வங்கியில்கூட அவரை 'கோச்' என்றுதான் கூப்பிடுவார்கள். நம் கான்சாஸ் சரளைச் சாலை சைக்கிள் பந்தயத்தில் இன்றும் தன் வயதுப் பிரிவில் முதலாவதாக வருகிறார்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதி.

மார்ச் 15
சைக்கிள் தயார். மலை சைக்கிள் ஃப்ரேம், சுவர்க்கணக்கில் என் உயரத்துக்குச் சரியான அளவு. அதில் கிடாக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார். அந்தக் கொம்பு கையை இன்னும் முன்னால் இழுக்கும், ஆகவே ஃப்ரேமில் ஓர் அளவு குறைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். சொன்னேன்.

"சுவத்துல எழுதியிருக்கு பாரு, டாக். அளவு பொய் சொல்லாது."

ஓரிடத்தில் ஒருமுறை எடுத்த அளவை நம்பாதே என்று ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் சொல்பவள் நான். அவரிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை?

ஏப்ரல் 9
புதுப் புல் முளைக்க வருடாவருடம் புல்வெளி எரிக்கும் வாரம். லைல் பக்கத்துப் பண்ணையில் தண்ணீர்த் தொட்டியோடு, தீ எல்லை தாண்டாமல் காக்கும் வரிசையில் நின்றார். நான் கூடாரம், அடுப்பு, உணவு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பதினேழாவது மைலில் இரண்டு கையிலும் சுண்டு விரல்கள் மரத்துச் செத்துப்போயின. பத்தொன்பதாவதில் சிக்கிமுக்கிக் கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தது. ஒரு விரல் நுழையும் கிழிசல்.

எரிந்து முடிந்த புல்வெளி ஓரம் உட்கார்ந்தேன். தரை இன்னும் சூடு. நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என நினைத்தேன். நாற்பது நிமிடம் அப்படி.

பிறகு டிரக் வந்தது. முகமெல்லாம் கரியோடு லைல்.

"புள்ளி நின்னுடுச்சு. அதான் வந்தேன்."

எனக்குத் தெரியாமல் சீட்டுக் குழாய்க்குள் இடங்காட்டி வைத்திருக்கிறார்; நான் போகுமிடம் அவர் ஃபோனில் புள்ளியாகத் தெரியும். அது நின்றதைப் பார்த்ததும் தீ வரிசையை விட்டு வந்திருக்கிறார். எரிகிறபோது வரிசையை விட்டு இங்கே யாரும் போவதில்லை, தகப்பன் செத்தாலும். எனக்காகப் போயிருக்கிறார். கோபப்படக்கூட இடம் வைக்காத அன்பு.

திரும்பும்போது சொன்னார்: "யோசிச்சேன். நான் டிரக்கை எடுத்துக்கிட்டு பின்னாலயே வந்துடறேன். நீ பாட்டுக்கு ஓட்டு. நீ வந்து சேர்றப்ப கூடாரம் போட்டிருக்கும்."

"தேங்க்ஸ்" என்றேன்.

ஏப்ரல் 10
தேங்க்ஸாம். என்ன பொம்பள நான்.

ஏப்ரல் 26
கிழிந்த டயரோடு மார்லிஸ் கடைக்குப் போனேன். சைக்கிளும் விற்பாள், ரம்பமும் தீட்டித் தருவாள். பள்ளியில் என் வகுப்பு. மூலையில் யாரோ விற்கக் கொடுத்த ஊதாநிற ஸ்டீல் சைக்கிள், பெயின்ட் உரிந்து. அதே கொம்பு, ஆனால் என் சுவர்க்கணக்குக்கு ஓர் அளவு சின்னது. டயர் அகலம் இரண்டேகால் அங்குலம்.

ஓட்டிப் பார்க்கலாமா என்றதும் கோழித்தீவன மூட்டைகளை இருபுறமும் கட்டினாள்.

"வெறும் சைக்கிள் எல்லாமே நல்லாத்தான்டி ஓடும். நிச்சயதார்த்தத்துல மாப்பிள்ளை மாதிரி. சுமையை ஏத்துனாத்தான் குணம் தெரியும்."

அதே கல் சாலையில் இருபது மைல் போனேன். பத்து விரலும் உயிரோடு திரும்பி வந்தன. வாங்கிவிட்டேன்.

"கோச்கிட்ட நீயே சொல்லிக்கோ" என்றாள் மார்லிஸ். "நான் இந்த ஊர்ல கடை நடத்தணும்."

ஏப்ரல் 27
லைல் ஊதாவை இரண்டு சுற்று சுற்றி வந்தார். சுவரைப் பார்த்தார்.

"ஒரு அளவு சின்னது."

"ஆமா."

சீட்டை உயர்த்துவதற்கு ஸ்பேனரை எடுத்தார். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"தொட வேண்டாம், லைல்."

நின்றார். "சீட்டுதானே."

"டிரக்கும் வேண்டாம்."

"வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகும்."

பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வரைந்து வைத்திருப்பவர். ஸ்பேனரை சுத்தியலின் உருவத்தில் மாட்டிவிட்டு உள்ளே போனார். நான் அதை மாற்றி மாட்டவில்லை. கை பரபரத்தது.

மே 20
மூன்று வாரமாகச் சைக்கிள் பற்றி ஒரு சொல் இல்லை. வீடு முழுக்க மரியாதை. இதுவும் ஒரு பூட்டுதான். போகாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன்.

மே 31
என் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் இடங்காட்டி, புது பேட்டரியோடு. அதைக் கரண்டி டிராயரில் வைத்து மூடினேன்.

ஜூன் 28, மொன்டானா
ஏற்றத்தில் பின்னால் டிரக் சத்தம். திரும்பிப் பார்க்காமல் ஓரம் ஒதுங்கி நின்றேன், லைலாக இருக்கும் என்று. மரம் ஏற்றிய லாரி. ஓட்டியவர் கையசைத்துப் போனார். தூசி அடங்கும்வரை நின்றேன்.

உச்சியில் ஃபோனுக்கு சிக்னல் பிடித்தது. லைல்.

"டயர்ல காத்து எவ்வளவு வச்சிருக்க?"

"தெரியாது. கட்டைவிரலால அழுத்திப் பார்த்தேன்."

பிறகு மெதுவாக, எங்கே இருக்கிறாய் என்றார்.

இடத்தைச் சொல்லாமல், மழை இன்னும் வரவில்லை என்றேன்.