வாக்கியம் சொன்ன பிறகுதான் டீ

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தையும் இப்படித்தான் தொடங்கியிருந்தேன், ஆனால் அது கைப் பழக்கத்தில் வந்து விழுந்த வரி, இந்த முறை யோசித்து, உண்மை என்று தெரிந்து எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் நான் அழுதுவிடுவேன், நீ அங்கே என்னவோ ஏதோ என்று பதறிப்போய் டிக்கெட் போட்டுவிடுவாய். அதோடு அப்பா எப்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேச எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று படித்துக்கொண்டே வந்தால் தெரியும். நடுவில் தாவிக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். தையல் கடையை இப்போது மத்தியானம் மட்டும்தான் திறக்கிறேன், பேண்ட் சுருக்குகிறவர்களும் ஜிப் மாற்றுகிறவர்களும் நேரம் பார்த்து வந்துவிட்டுப் போகிறார்கள், யாரும் குறை சொல்லவில்லை. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவின் வலது கை இன்னும் மடியிலேயேதான் கிடக்கிறது, ஆனால் கால் தேவலை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மாடி இறங்கி ஏறுகிறார். ஊரில் இருக்கிற கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைத்த மனுஷனுக்கு வாய்த்த வீடு லிஃப்டே இல்லாத மூன்றாம் மாடி, அவருக்கு உடம்பு நன்றாக இருந்தபோது நாம் சிரித்துக்கொண்டிருந்த விஷயம் இப்போது அவருக்கு மருந்தாகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா தினமும் வந்து பார்க்கிறாள், நல்ல மனசுதான், ஆனால் அப்பாவுக்கு என்னவோ காது போய்விட்ட மாதிரி கத்திப் பேசுகிறாள், சாப்பிட்டாச்சா, தூங்கினீங்களா என்று கைக்குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்கிறாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது உனக்குத் தெரியும். அங்கே இருக்கிற பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், பொறுமைசாலி. கப், சீப்பு, சாவி என்று படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி இது என்ன, இது என்ன என்று தமிழில் கேட்பாள். அப்பா அட்டையைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், பிறகு ஜன்னல். தா, தா என்று ஒரு சத்தம் வரும், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. நான் அவளைத் தனியே கூப்பிட்டு, இவருக்கு நாம் பேசுவது புரிகிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா என்று கேட்டேன். எவ்வளவு புரியுதுன்னு இப்போதைக்கு உறுதியா சொல்ல முடியலை ஆன்ட்டி என்றாள். பாப்பா, பேச்சு வராவிட்டால் போகட்டும் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன், ஆனால் உள்ளே அவர் இருக்கிறாரா என்பதே தெரியவில்லை என்றால் யாருக்குச் சமைக்கிறேன், யாருக்குத் தலை வாரிவிடுகிறேன். இதைத்தான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நீயாகவே எதையோ மோப்பம் பிடித்து, வேலையை விட்டுட்டு வந்துடட்டுமாம்மா என்று போன வாரம் கேட்டாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். என்னால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி விட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா காலை டீயைத் தொடவே இல்லை. சாயங்கால டீ குடிப்பார், காலை டீ மட்டும் எதிரே இருந்து ஆறி ஏடு கட்டிப் போகும். நானும் சர்க்கரையைக் குறைத்தேன், கூட்டினேன், தூளை மாற்றினேன், கப் கனமாக இருக்கிறதோ என்று உன் பழைய பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன், அதைப் பார்த்து அவர் முறைத்த முறைப்பு இருக்கிறதே. எதிர்வீட்டு அக்கா காலையில் நாக்கு கசக்கும் என்றாள். டாக்டர் மாத்திரை வேளையை மாற்றிப் பார்க்கலாம் என்றார். ஆளுக்கு ஒன்று சொன்னோம், இத்தனை வருஷம் அந்த டீயைப் போட்டுக் கொடுத்த எனக்கே உறைக்கவில்லை.

நம் வீட்டு விதியை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அந்த அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து ஒரு வார்த்தை, அதற்கு அர்த்தம், பிறகு ஒரு வாக்கியம், வாக்கியம் சொன்னால்தான் டீ. புத்தகத்தில் போட்டிருக்கிற வாக்கியம் செல்லாது, நம் வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும், முக்கியமாகப் பொய்யாக இருக்கக் கூடாது. அர்த்தம் மட்டும் தெரிந்துவைத்திருப்பது இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட், வாக்கியத்தில் ஏற்றினால்தான் கதவு திறக்கும் என்று சொல்வாரே. ஃப்ரேஜைல் என்றால் எளிதில் உடையக்கூடியது என்று சொல்லிவிட்டு, மை வைஃப்ஸ் பேஷன்ஸ் இஸ் ஃப்ரேஜைல் என்று வாக்கியம் போட்டார், நீ பல் தேய்த்துக்கொண்டே சிரித்துப் புரையேறினாய். நீ வெளியூர் போன பிறகும் அவர் விடவில்லை, தனியாகவே வார்த்தை சொல்லி வாக்கியம் சொல்லி டீயைக் கையில் வாங்குவார், நான் அடுப்பைப் பார்த்தபடி உம் கொட்டுவேன். அவ்வளவுதான் என் படிப்பு.

ஒருநாள் காலையில் வீடு இருந்த நிசப்தம் தாங்கவில்லை. டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு, சும்மா இருக்கட்டும் என்று அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கைக்கு வந்த பக்கத்தைப் பிரித்தேன். ஆம்பிள். அர்த்தம் தாராளமாக, தேவைக்கு மேலேயே. மேலே பார்த்தேன், மின்விசிறி கண்ணில் பட்டது, தேர் இஸ் ஆம்பிள் டஸ்ட் ஆன் தி ஃபேன் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். எனக்கே சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் அப்பா இடது கையால் கப்பை எடுத்து டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறார். தற்செயல் என்று நினைத்தேன். மறுநாள் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லாமல் வைத்தேன், தொடவில்லை. புத்தகத்தைப் பிரித்து ஒரு வாக்கியம் சொன்னேன், குடித்தார். அப்போதுதான் பாப்பா எனக்கு மண்டையில் உறைத்தது. வாக்கியம் சொல்லாதவருக்கு டீ கிடையாது. அவரால் சொல்ல முடியவில்லை, அதனால் அவர் குடிக்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில், தான் போட்ட விதியைத் தானே காப்பாற்றிக்கொண்டு ஆறிய டீக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன், நான் சர்க்கரையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதிலிருந்து தினமும் நான்தான் வாக்கியம். நாக்கு சுளுக்கிக்கொள்கிறது, சில வார்த்தைகளைச் சொல்வதற்குள் டீயே ஆறிவிடுகிறது, இருந்தாலும் விடவில்லை. நேற்று முன்தினம் வந்த வார்த்தை ரிலக்டன்ட், அதாவது மனசு வராமல் தயங்குவது. எனக்குக் குறும்பு வந்தது. அந்தப் பழைய வழக்கு உனக்குத் தெரியுமே, நான் துணிக்கடையில் நாலாம் மாடியில் தையல் மிஷினில் இருந்தபோது இவர் லிஃப்ட் ரிப்பேருக்கு வந்து, கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் பழுதே இல்லாத லிஃப்டை மழைக்காலம் முழுக்க வந்து வந்து பழுது பார்த்தது. மறுபடி கேட்கத் தயங்கினது அவர் என்பேன் நான், பதில் சொல்லத் தயங்கினது உன் அம்மா என்பார் அவர், நீ நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வாய், தீர்ப்பு எப்போதும் அப்பா பக்கம். அதை நினைத்து, மை ஹஸ்பண்ட் வாஸ் ரிலக்டன்ட் டு மேரி மீ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னேன்.

அப்பா கப்பை எடுக்கவில்லை. என்னையே பார்த்தார். நோ என்றார். தெளிவாக, பாப்பா, கடைக்காரரிடம் சொல்கிற மாதிரி. பிறகு இடது கையைத் தூக்கி என்னைக் காட்டி, உதட்டைக் குவித்து, முகம் சிவக்க முயன்று, யூ என்றார். சொல்லிவிட்டு, வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போக, சிரித்தார். இத்தனை மாசம் கழித்து வாயைத் திறந்து சொன்ன முதல் பேச்சே என் மேல் போட்ட வழக்குதான், அதையும் அவரே ஜெயித்துவிட்டார். அந்த நாலாம் மாடி, அந்த மழை, பதில் சொல்லாமல் நான் நூல் கோத்துக்கொண்டிருந்தது, என்னைச் சீண்டுகிற அந்தக் குணம், எல்லாம் அவருக்குள்ளே ஒரு தூசு படாமல் இருந்திருக்கிறது. எதிர்வீட்டு அக்கா கத்திப் பேசியது, பிளாஸ்டிக் கப், பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே நாங்கள் அவரைப் பற்றி அவர் இல்லாத மாதிரி பேசியது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

பயிற்சி தருகிற பெண்ணிடம் நேற்றுப் போய்ச் சொன்னேன். சிலருக்கு வளர்ந்த பிறகு கற்றுக்கொண்ட பாஷை முதலில் திரும்பி வருவது உண்டாம், பழக்கமாகச் சொல்லிச் சொல்லிவந்தது முதலில் கிடைப்பதும் உண்டாம், இவருக்கு ஏன் இப்படி என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது என்றாள். படம் போட்ட அட்டைகளை எடுத்து மேஜைக்குள் வைத்துவிட்டு, அந்தப் புத்தகத்தையே கொண்டுவாங்க ஆன்ட்டி என்றாள். தாய்ப்பாலோடு வந்த தமிழ் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது, லிஃப்ட் எண்ணெய்க் கையோடு புரட்டிப் புரட்டிப் படித்த வார்த்தை மேலே வந்து நிற்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு, என் பெயர் வராத வாயில் ரிலக்டன்ட்டுக்குப் பதில் வருகிறது பார். ஆனால் ஒரு மனுஷத் தலைக்குள் வார்த்தைகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன, எது எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருகிறது என்று நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது. வெறும் டீ குடிக்க ஒரு விளையாட்டு என்று நினைத்து உம் கொட்டிக்கொண்டிருந்தேனே, அவர் என்னவோ இத்தனை வருஷமாகத் தனக்கு ஒரு படிக்கட்டு கட்டி வைத்திருந்திருக்கிறார்.

இன்று காலை நான் புத்தகத்தைப் பிரிக்கப் போனேன், அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மடியில் வைத்து இடது கையால் பக்கம் பக்கமாகத் தள்ளினார், நான் உதவப் போனால் தோளால் தடுத்தார். கடைசியில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். பிறகு சுவரில் இருக்கிற உன் கல்யாணப் போட்டோவைக் காட்டினார், உனக்கு என்று எனக்குப் புரிந்தது. வேலையை விட்டுட்டு வரட்டுமா என்று நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, அவர் சொல்லிவிட்டார், அதை அப்படியே எழுதி அனுப்புகிறேன். வார்த்தை, டெம்பரரி. அர்த்தம், கொஞ்ச காலத்துக்கு மட்டும் இருப்பது. வாக்கியத்துக்கு, முதலில் விரலால் தன் வாயைத் தொட்டார், அந்த விரலைத் திரும்ப அந்த வார்த்தையின் மேல் வைத்தார், டெம், டெம் என்று இரண்டு தடவை சறுக்கிவிட்டு மூன்றாவது தடவை முழுசாகச் சொன்னார். நான் டீயைக் கையில் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார்.

நீ வருவதும் வராததும் உன் இஷ்டம், ஆனால் பயந்துபோய் வராதே, லீவு கிடைக்கும்போது சிரித்துக்கொண்டு வா. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா, வெந்நீர் குடிக்கச் சொல், நீயும் வேளைக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மறக்காமல் ஒரு வார்த்தையோடு வா, வாக்கியத்தை மெதுவாகச் சொல், அவர் பதில் சொல்லும்வரை இடையில் பேசாமல் காத்திரு. அப்பா சொன்ன வாக்கியத்தை நம்பலாமா என்று உனக்குச் சந்தேகம் வந்தால் நம் வீட்டு விதியை ஒருமுறை நினைத்துக்கொள், உதாரண வாக்கியம் பொய்யாக இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா

கீழே கோணல்மாணலாக இருப்பது அப்பாவின் கையெழுத்து, இடது கையால் அவரே போட்டது.